ஜிமெயில் திறக்க மாட்டேங்குது, தம்பி

இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் நான் வைத்திருக்கும் கொமியூனிகேஷன் கடையில் போட்டோ கொப்பிக்கு அடுத்தபடியாக அதிகம் நடக்கிற வேலை, பத்திரங்களை ஸ்கேன் எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றிக் கொடுப்பது. "மெயில்ல போட்டு வைங்க தம்பி" என்று ஒரு பொலித்தீன் பையை நீட்டுவார்கள். உள்ளே பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, விவாகப் பதிவு, ஈ.பி.எஃப். கடிதங்கள், பிள்ளையின் சாதாரண தரப் பெறுபேறு எல்லாம் இருக்கும். சில பைகளில் தாத்தா காலத்துப் பிரஜாவுரிமைச் சான்றிதழும் இருக்கும், மடிப்பு விழுந்த இடமெல்லாம் டேப் ஒட்டி.

காகிதத்தைப் பொத்திப் பொத்தி வைப்பது எங்கள் ஆட்களுக்குச் சும்மா வந்த பழக்கம் இல்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த மலையகத்தாரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், பிரஜாவுரிமை வேண்டுமா, 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ச்சியாக இங்கே வசித்ததை நிரூபி என்றது. கலியாணம் முடித்தவர் 7 வருடம், முடிக்காதவர் 10 வருடம் காட்டவேண்டும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்து, கொழுந்து மலைக்கும் தேயிலை ஸ்டோருக்கும் மட்டும் போய்வந்த ஒருவர் அதை எதைக்கொண்டு காட்டுவார்? பிறகு 1964இல், யார் இந்தியாவுக்கு, யார் இங்கே என்று பிரித்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், அதற்கும் ஒரு கட்டுப் படிவம். மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரைக்கும் இந்த இழுபறி ஓயவில்லை. தம்பி குடும்பம் இங்கேயும் அண்ணன் குடும்பம் தமிழ்நாட்டுக் கூடலூரிலுமாகப் பிரிந்ததற்குப் பின்னால் எங்கேயாவது ஒரு காகிதம் இருக்கும்.

அப்புறம் மண். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கண்டி, பதுளை, நுவரெலியா என்று மலைநாடு முழுவதையும் சரித்துவிட்டுப் போனது. ஆளே போன இடத்தில் காகிதத்தைப் பற்றிப் பேசுவது சரியில்லைதான். ஆனால் தப்பி வந்தவர் நிவாரணத்துக்குப் போய் நின்றால் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற முதல் கேள்வி அடையாள அட்டை எங்கே என்பதுதான். ஆகவே டிரைவில் ஒரு பிரதி இருப்பது நல்லது. நிச்சயமாக நல்லது. என் சங்கடம் அதற்கு அடுத்த கட்டத்தில்தான் ஆரம்பிக்கிறது.

ஏற்றப்போகிற அந்த ஜிமெயில் யாருடையது என்று கேட்டால் பதில் வர நேரம் எடுக்கும். பெயர் இவருடையது. திறந்து கொடுத்தது டவுனில் ஏதோ ஒரு கடைப் பையன். எதற்குத் திறந்தது? பாஸ்போர்ட்டுக்கோ பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கோ அவசரமாக ஒரு மெயில் தேவைப்பட்டது. கோட் வருவதற்குக் கொடுத்தது மகளின் நம்பர், சில இடங்களில் அந்தக் கடைப் பையனின் நம்பரே. பாஸ்வேர்ட் அடையாள அட்டை இலக்கம், இல்லாவிட்டால் பிள்ளையின் பெயரும் பக்கத்தில் 123உம். எழுதி வைத்தது கடைக் கொப்பியில். மகள் குவைத்துக்குப் போய் நம்பர் கட்டாகிவிட்டது. கடைப் பையன் கொழும்புக்குப் போய்விட்டான். பத்திரம் என்னவோ உலகத்தின் மிகப் பெரிய கம்பெனி ஒன்றின் டிஸ்க்கில் பத்திரமாகத்தான் கிடக்கிறது, உரிமையாளர்தான் வெளியே நிற்கிறார்.

கட்டான நம்பர் அதோடு முடிவதில்லை. நீண்ட நாள் ரீலோட் போடாத ப்ரீபெய்ட் நம்பரை கம்பெனி திரும்ப எடுத்து வேறொருவருக்கு விற்கும். உலகம் பூராவும் அப்படித்தான். புது ஆள் எங்கோ குருநாகலில் அந்த சிம்மைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பழைய கணக்குக்கான கோட் அவருடைய போனுக்குப் போகும். அவர் நல்லவராக இருந்தால் அழித்துவிடுவார், அவ்வளவுதான் நம் பாதுகாப்பு. ஆகவே கடைக்கு யார் வந்தாலும் ஸ்கேனரைத் திறக்குமுன் நான் பார்ப்பது கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தைத்தான். மீட்பு நம்பர் எது, மீட்பு மெயில் எது, எந்தெந்தப் போனில் கணக்கு திறந்து கிடக்கிறது. வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். சரி, முணுமுணுக்கட்டும்.

போன மழைக்காலத்தில் பொகவந்தலாவை பக்கத்து அக்கா ஒருவர் வந்தார். போனை மேசையில் வைத்துவிட்டுப் பையை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது திரையில் ஒரு பெட்டி எழும்பியது: நீங்களா உள்நுழைய முயல்கிறீர்கள்? நான் அப்போது அவருடைய கணக்கைத் தொடக்கூட இல்லை. அவர் திரும்பிப் பார்த்தார், விரல் தன்பாட்டுக்கு "ஆம்" பக்கம் போனது. கையைப் பிடிக்காத குறைதான். "இது அடிக்கடி வரும் தம்பி, ஆமான்னு அமுத்திட்டா போயிரும்" என்றார். போகும்தான். கதவைத் திறந்துவிட்டால் தட்டுகிறவர் ஏன் தட்டிக்கொண்டே இருக்கப் போகிறார். கணக்கில் பார்த்தால் முன்பின் தெரியாத ஒரு விண்டோஸ் கொம்பியூட்டர் உள்ளே உட்கார்ந்திருந்தது. அதை வெளியேற்றி, பாஸ்வேர்டை மாற்றி, பிறகுதான் ஸ்கேன்.

அவர் படிக்காததால் அப்படிச் செய்தார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 2022 செப்டெம்பரில் ஊபர் கம்பெனிக்குள் ஒருவன் புகுந்தது இதே வழியில். ஒப்பந்த ஊழியர் ஒருவரின் பாஸ்வேர்ட் அவனிடம் இருந்தது. உள்நுழைவு அனுமதி கேட்கும் அறிவிப்பைத் திரும்பத் திரும்ப அவருடைய போனுக்கு விட்டான், கடைசியில் அவர் ஒன்றை ஏற்றுக்கொண்டுவிட்டார். இப்போது பல இடங்களில் வெறும் "ஆம்" போதாது, திரையில் தெரியும் எண்ணையும் சரியாகத் தொட வேண்டும் என்று ஆக்கியிருப்பது இப்படி விடாமல் தட்டுகிறவர்களைத் தடுக்கத்தான். அக்காவுக்கு நான் சொன்னது ஒன்றே ஒன்று: நீங்கள் எதையும் திறக்காத நேரத்தில் அது கேட்டால் "இல்லை" என்பதை அமுத்துங்கள்.

பாஸ்வேர்ட் எப்படி வெளியே போகிறது? சினிமாவில் வருகிற மாதிரி இருட்டறையில் ஒருவன் உட்கார்ந்து கூகுளை உடைப்பதில்லை. 2024இல் ஸ்னோஃப்ளேக் என்ற கிளவுட் கம்பெனியில் தரவு வைத்திருந்த நிறுவனங்கள் பலவற்றிலிருந்து தகவல் அள்ளப்பட்டது. டிக்கெட்மாஸ்டர், சன்டான்டர் வங்கி, ஏ.டி. அன்ட் டி. மாதிரிப் பெரிய பெயர்கள். பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அறிவிக்கப்பட்டவை மட்டும் சுமார் 165. விசாரித்த மாண்டியன்ட் என்ற பாதுகாப்புக் கம்பெனி சொன்னது: ஸ்னோஃப்ளேக்கின் சொந்தக் கட்டமைப்பை யாரும் உடைக்கவில்லை. தரவு வைத்திருந்த அந்த நிறுவனங்களுக்கு வேலை செய்தவர்களுடைய கொம்பியூட்டர்களில் முன்பே புகுந்திருந்த திருட்டு மென்பொருள் பாஸ்வேர்டுகளை அள்ளியிருக்கிறது, சிலது 2020இலேயே திருடப்பட்டது. நான்கு வருடமாக யாரும் மாற்றவில்லை. பாஸ்வேர்டுக்கு மேல் கோட் கேட்கும் இரண்டாவது சரிபார்ப்பும் அந்தக் கணக்குகளில் போட்டிருக்கவில்லை.

அந்தத் திருட்டு மென்பொருள் எப்படி வருகிறது என்பதை எங்கள் டவுன் கடைகளில் உட்கார்ந்து பார்த்தாலே தெரியும். கிராக் பண்ணின விண்டோஸ், கிராக் பண்ணின போட்டோஷொப், கேமுக்கு ஏதோ சீட் கோட் என்று பையன்கள் இறக்குகிற ஃபைல். எல்லாம் வேலை செய்யும், அருமையாக வேலை செய்யும். கூடவே ப்ரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட் அத்தனையும் வேறெங்கோ போய்க்கொண்டிருக்கும். பாஸ்வேர்ட் மட்டும் இல்லை, ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதற்கான அடையாளமாக ப்ரவுசரில் இருக்கும் குக்கியையும் கொண்டுபோவார்கள். அது கையில் இருந்தால் ஓ.டி.பி. கேட்காமலே உள்ளே போகலாம். கொமியூனிகேஷன் நடத்துகிறவன் சொல்லக் கூடாத விஷயம்தான், இருந்தாலும் சொல்கிறேன்: கடைக் கொம்பியூட்டரை நம்பாதீர்கள், என்னுடையது உட்பட. கெஸ்ட் விண்டோவில் திறக்கச் சொல்லுங்கள், "பாஸ்வேர்டைச் சேமிக்கவா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், வீட்டுக்குப் போனதும் உங்கள் போனிலிருந்து கடைக் கொம்பியூட்டரை வெளியேற்றிவிடுங்கள். முடிந்தால் கடைக்காரரிடம் பாஸ்வேர்டே கொடுக்காமல் ஸ்கேனை உங்கள் வட்ஸ்அப்புக்கு வாங்கி, போனிலிருந்தே டிரைவில் ஏற்றுங்கள். எனக்கு அதில் நட்டமில்லை, ஸ்கேன் காசு ஸ்கேன் காசுதான்.

இணையத்தில் கிடைக்கிற பாதுகாப்பு அறிவுரைகளில் பாதி, சொந்தமாக ஒரு போனும் நிரந்தரமாக ஒரு நம்பரும் வீட்டுக்குள்ளே சிக்னலும் உள்ள ஆளுக்காக எழுதப்பட்டவை. தோட்டத்தில் அந்த மூன்றும் ஒருவரிடமே இருப்பது அபூர்வம். போன் அப்பாவுக்கும் படிக்கிற பிள்ளைக்கும் பொது. மலைக்கு இந்தப் பக்கம் ஒரு கம்பெனி எடுக்கும், அந்தப் பக்கம் இன்னொன்று, அதனால் சிம் மாறிக்கொண்டே இருக்கும். எஸ்.எம்.எஸ். கோட் வருவதற்குக் கோயில் முடக்குக்கு ஏறிப்போய் நிற்க வேண்டும், வந்து இறங்குவதற்குள் கோட் காலாவதி.

இதனால்தான் நான் எல்லோருக்கும் எஸ்.எம்.எஸ். இல்லாமல் போனிலேயே கோட் உண்டாக்கும் ஒத்தென்டிகேட்டர் ஆப் ஒன்றைப் போட்டுவிடுகிறேன். பலர் இதற்கும் இன்டர்நெட் வேண்டும் என்று நினைக்கிறார்கள். வேண்டாம். முதலில் ஒரு சதுரக் குறியை ஸ்கேன் பண்ணுகிறோம் இல்லையா, அப்போது ஒரு ரகசிய எண் போனுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதே எண் கூகுளிடமும் இருக்கிறது. அந்த எண்ணையும் அப்போதைய நேரத்தையும் வைத்து இரண்டு பக்கமும் தனித்தனியாக ஒரே கணக்கைப் போடுகின்றன, 30 வினாடிக்கு ஒரு தடவை ஆறு இலக்கம் வருகிறது. சிம் இல்லாத போனிலும் வரும், சிக்னலே எட்டாத டிவிசனிலும் வரும். தேவையானது ஒன்றுதான், போனின் மணிக்கூடு சரியாக இருக்க வேண்டும். சிலர் அலாரத்துக்காகக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னே தள்ளி வைத்திருப்பார்கள், பிரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு, பிந்தக் கூடாதாம். அப்படித் தள்ளினால் கோட் பிழை பிழை என்றே வரும். நேரத்தைத் தானாக எடுக்கும்படி விட்டுவிடுங்கள். ஆனால் இந்த ஆறு இலக்கத்தையும் போலிப் பக்கம் ஒன்றில் நீங்களே டைப் பண்ணிக் கொடுத்தால் போச்சு, அதை எந்த ஆப்பும் தடுக்காது. பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனின் பூட்டைத் திறந்தே உள்நுழைய வைக்கும் பாஸ்கீ அதைத் தடுக்கும். உண்மையான முகவரி இல்லாத பக்கத்துக்கு அது வாயே திறக்காது. ஒரே சிக்கல், போனின் பின் நம்பர் தெரிந்தவர் எல்லோருக்கும் பாஸ்கீயும் திறக்கும். பின் நம்பர் லயத்துக்கே தெரிந்த வீடுகளில் முதலில் அதை மாற்ற வேண்டும்.

போன் தொலைந்தால்? கூகுள் பத்து பெக்கப் கோட் தரும், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒவ்வொன்றும் ஒரே தடவைதான் செல்லும். அதைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்தால் உடனே வரும் கேள்வி: "இதையும் ஒரு போட்டோ புடிச்சு டிரைவ்ல போட்டுருவமா?" சிரிக்காமல் விளக்க வேண்டியிருக்கிறது, டிரைவைத் திறக்க முடியாமல் போகும் அன்றைக்குத்தான் இது தேவைப்படும் என்று.

பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதவே கூடாது என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. பாஸ்வேர்ட் மனேஜர் பழகியவர்கள் அதையே வைத்துக்கொள்ளட்டும், அது மேல். பழகாத அம்மாவுக்கு ஒரு 80 பக்கக் கொப்பி போதும். நீளமான பாஸ்வேர்டை அதில் எழுதி வீட்டுக்குள் வைக்கட்டும். வெளிநாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான கணக்குகளை ஒரே நேரத்தில் தட்டிப் பார்க்கிறவன் அந்தக் கொப்பியைத் திறக்க பஸ் ஏறி நோர்வூட்டுக்கு வரப்போவதில்லை. போன் கெலரியில் படமாக வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். அட்டையில் "பாஸ்வேர்ட்" என்று பெரிதாக எழுதாமல் இருந்தால் சரி.

இனி பிரதி விஷயம். டிரைவில் இருந்தால் போதுமே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது நம் நாட்டுக் கதையையே. லங்கா கவர்மன்ட் கிளவுட் என்று அரசாங்கத்துக்கென்று ஒரு கிளவுட் இருக்கிறது. 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி அதை ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வெயார் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் போய்விட்டன. மூன்று மாதத்துக்கு மேல். ஒன்லைனில் இருந்த பெக்கப்பும் சேர்ந்தே மாட்டியது, வெளியே தனியாக எடுத்துவைத்த பிரதி அந்தக் காலப்பகுதிக்கு இல்லை. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மெயில் மென்பொருள். அதற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் அந்த வருடம் ஏப்ரலிலேயே நிறுத்தியிருந்தது. புதுப்பிக்க 2021இலிருந்தே திட்டம் இருந்ததாம், பணம் இல்லாமல் இழுபட்டதாம். அரச அலுவலகத்தில் "உங்க ஃபைல காணோம்" என்று கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். இந்தத் தடவை அரசாங்கமே அரசாங்கத்துக்கு அதைச் சொல்ல வேண்டியதாயிற்று.

பெக்கப்பும் ஒரே பாஸ்வேர்டுக்குப் பின்னால் இருந்தால் அது பெக்கப் இல்லை. 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற கம்பெனியின் அமேசன் கிளவுட் கணக்குக்குள் ஒருவன் நுழைந்து பணம் கேட்டான். அவர்கள் கணக்கை மீட்கப் பார்த்ததும் தரவையும் பெக்கப்பையும் சேர்த்து அழித்தான், கம்பெனி மூடிவிட்டது. நேர்மாறாக 2024 மே மாதம் யூனிசூப்பர் என்ற அவுஸ்திரேலிய ஓய்வூதிய நிதியத்தின் கூகுள் கிளவுட் கணக்கு, கூகுள் பக்கத்து அமைப்பு ஒன்றில் நடந்த தவறால் அழிந்தது. ஆனால் அவர்கள் வேறொரு நிறுவனத்திடமும் பெக்கப் வைத்திருந்தார்கள், திரும்ப எழுந்துவிட்டார்கள்.

எங்கள் அளவுக்கு இதன் அர்த்தம் ஒரு பென் டிரைவ், அல்லது மகனுடைய வேறொரு கணக்கில் இன்னொரு பிரதி. போனோடு ஒத்திசைந்து நிற்கும் கூகுள் போட்டோசைப் பெக்கப் என்று நினைத்துவிட வேண்டாம், அது கண்ணாடி மாதிரி. இந்தப் பக்கம் போனில் இடம் போதவில்லை என்று அந்த ஆப்புக்குள் அழித்தால் அந்தப் பக்கமும் அழியும். குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடக்கும், டிரைவில் என்றால் 30 நாள். அந்த நாள் கடந்து வந்து அழுபவர்களுக்கு நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

எனக்கு இன்னும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. புயலுக்குப் பிறகு உதவி செய்ய வந்த ஒரு குழு, பெயர் வேண்டாம், நல்ல மனசோடுதான் வந்தார்கள், பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பட்டியலை ஒரு கூகுள் ஷீட்டில் போட்டது. பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், வீட்டில் விதவை யார், தனியாக இருக்கும் பெண் யார் என்பதுவரை எல்லாம். பகிர்ந்த விதம்: லிங்க் உள்ள எவரும் திறக்கலாம், திருத்தலாம். லிங்க் வட்ஸ்அப் குரூப்களில் சுற்றி என் போனுக்கும் வந்தது. எனக்கும் அந்தப் பட்டியலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. திறந்து பார்த்தேன், திறந்தது. இங்கே யாரும் எதையும் திருடவில்லை, பூட்டை எவரும் உடைக்கவில்லை, ஒரு பொத்தானைச் சரியாக அமுத்தவில்லை, அவ்வளவுதான். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த மாதிரித் தகவலை வைத்திருப்பவருக்குப் பொறுப்பு உண்டு என்கிறது. சட்டம் கிடக்கட்டும், கஷ்டத்தில் இருக்கிறவர் தன் விவரத்தைக் கொடுத்தது உங்களை நம்பி. பெயர் சொல்லி, மெயில் முகவரி போட்டு, பார்க்க மட்டும் அனுமதி கொடுத்துப் பகிருங்கள். வேலை முடிந்ததும் மூடுங்கள்.

மரணாதார சங்கம், கோயில் கமிட்டி, முன்பள்ளி எல்லாவற்றிலும் கணக்கு வழக்கு இப்போது செயலாளருடைய சொந்த ஜிமெயிலில்தான். திருவிழாவில் அவருக்கும் தலைவருக்கும் முட்டிக்கொண்டால் மூன்று வருடச் சந்தாக் கணக்கும் அவரோடு நடந்துவிடும். சங்கத்துக்கென்று தனியாக ஒரு கணக்கு, இரண்டு பேரிடம் மீட்பு வழி, பொறுப்பு மாறும் கூட்டத்திலேயே பாஸ்வேர்டும் மாறுவது. இதைச் சொன்னால் "நம்ம ஆளுகளுக்குள்ள எதுக்கு தம்பி" என்பார்கள். அடுத்த திருவிழாவுக்குப் பிறகு வருவார்கள்.

செத்துப்போனவரின் கணக்கோடு வருபவர்களும் இருக்கிறார்கள். அப்பாவின் ஈ.பி.எஃப். கடிதங்கள் அவருடைய மெயிலில், பாஸ்வேர்ட் அவரோடு போயாயிற்று. கூகுளில் இதற்கென்றே ஒரு அமைப்பு இருக்கிறது: கணக்கு இத்தனை மாதம் அசையாமல் கிடந்தால் நீங்கள் முன்பே சொன்ன ஆளுக்குத் தரவைக் கொடுக்கும். பத்துப் பேர் வரைக்கும் போடலாம். போடாவிட்டால், இரண்டு வருடம் யாரும் தொடாத கணக்கை உள்ளே இருப்பதோடு சேர்த்து அழிக்கும் உரிமை கூகுளுக்கு உண்டு. வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகளின் கணக்கில் பத்திரங்களை ஏற்றி வைத்தவர்கள் அந்த இரண்டு வருடத்தை நினைவில் வைத்திருங்கள், இடையில் ஒரு தடவை உள்ளே போய் எட்டிப் பார்த்தாலே போதும். அந்த அமைப்பைப் போடச் சொன்னால் வயசாளிகள், சாவைப் பற்றி இப்பவே என்ன பேச்சு என்று முறைப்பார்கள். மருமகள்மார் மட்டும் கவனமாகக் கேட்பார்கள். போடுகிறவர்கள் காலத்தை 3 மாதம் என்று வைக்க வேண்டாம், 18 என்று வையுங்கள். போன் உடைந்து, திருத்தக் காசில்லாமல் மூன்று மாதம் ஓடிப்போவது எங்கள் பக்கத்தில் சாதாரணம்.